‘32 வகை’ சத்துமாவு பாக்கெட்: வாங்கலாமா?

பல்பொருள் அங்காடியில் சத்துமாவு அடுக்கின் முன் நின்றால் எண்களின் ஏலம்தான் நடக்கிறது. ஒரு பாக்கெட்டில் 9 வகை, அடுத்ததில் 21, அதற்கு மேல் 27, 32, 40. முன்பெல்லாம் பிள்ளைக்கு எடை ஏற வேண்டும் என்றுதான் இதை வாங்குவார்கள். அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவும் அந்த நோக்கத்தில் வந்ததுதான். இப்போது அதே மாவு ‘குடல் நலம்’ என்ற பெயரில் பெரியவர்களுக்கு விற்கப்படுகிறது.

வாரம் 30 வகைத் தாவர உணவு சாப்பிட்டால் குடலுக்கு நல்லது என்கிறார்களே, அந்த 30 கணக்குக்கு ஒரு மூலம் உண்டு. 2018-ல் வெளியான ‘அமெரிக்கன் கட்’ (American Gut) என்ற குடல் நுண்ணுயிர் ஆய்வுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாதிரி கொடுத்தார்கள். அவர்களில் வாரம் 30-க்கு மேற்பட்ட தாவர உணவுகள் சாப்பிட்டவர்களின் குடல் நுண்ணுயிர்கள், 10 அல்லது அதற்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களுடையதைவிடப் பலதரப்பட்டு இருந்தன. என்ன சாப்பிட்டார்கள் என்பது அவரவர் சொன்ன கணக்கு. இரண்டுக்கும் தொடர்பு தெரிந்தது, இதனால்தான் அது என்று நிறுவப்படவில்லை. 29-ல் ஒன்றுமில்லாமல் 30-ல் திடீரென்று கதவு திறப்பதும் இல்லை. முக்கியமாக, அவர்கள் சாப்பிட்டது காய், கீரை, பழம், பயறு, கொட்டை, தானியம் எல்லாம் சேர்த்து. முப்பதையும் வறுத்து அரைத்து ஒரே பொடியாக்கினால் அதே பலன் வரும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

காலை டிபனாக, பால் பவுடரும் சர்க்கரையும் கலந்த மால்ட் பானங்களைவிட நல்ல சத்துமாவு எவ்வளவோ மேல். பலவகைத் தாவர உணவுக்குக் குறுக்குவழி என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். ஏன் என்பதைப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

முதலில் பெயர்களை எண்ணுங்கள். கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், சிவப்பரிசி என்று நான்கு வரிகள் இருக்கும். நான்கும் நெல்தான். பொட்டுக்கடலை, வெள்ளைக் கொண்டைக்கடலை, கருப்புக் கொண்டைக்கடலை மூன்றும் ஒரே செடி. வெள்ளைச் சோளமும் சிவப்புச் சோளமும் ஒன்று. கருப்பு உளுந்தும் தோல் நீக்கிய உளுந்தும் ஒன்று. இந்தப் பதினொரு பெயர்கள் நான்காகச் சுருங்க, 32 என்பது 25 ஆகிவிடும். ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கின் வெறும் மாவுச்சத்து. நார் ஏறக்குறைய இல்லை. ஏலக்காய், சுக்கு போன்றவற்றைக் கால் புள்ளியாக எண்ணுவதுதான் இந்த 30 கணக்கைப் பின்பற்றுகிறவர்களின் வழக்கம். கவுனியின் கருஞ்சிவப்பு நிறமிக்குத் தனி மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. கவுனிச் சோறாகச் சாப்பிட்டால் உண்டு. மாவில் விழும் அந்தச் சிட்டிகையில் என்ன இருக்கப்போகிறது?

அடுத்தது எடை. உட்பொருட்களை எடை வாரியாக, அதிகமானது முதலில் வரும்படி அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ஆகவே முதல் மூன்று பெயர்களில்தான் விஷயமே இருக்கிறது. கோதுமை, கேழ்வரகு, பொட்டுக்கடலை மூன்றும் சேர்ந்து 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வேளைக்கு 30 கிராம் மாவு எடுத்தால் அதில் 18 கிராம் இந்த மூன்றுக்கே போய்விடும். மீதி 12 கிராமை 29 பொருட்கள் பங்கு போட வேண்டும். ஆளுக்கு அரை கிராம்கூடத் தேறாது. குடல் நுண்ணுயிர்களுக்கு அது தீனியே இல்லை. முதல் மூன்றில் சர்க்கரையோ, நாட்டுச் சர்க்கரையோ, பால் பவுடரோ, மால்ட் சாறோ தென்பட்டால் பாக்கெட்டை அங்கேயே வைத்துவிடுங்கள். முன்பக்கத்தில் பாதாமைப் படம் போட்டுக் காட்டியிருந்தால், அது எத்தனை சதவீதம் என்றும் அச்சிட்டிருக்க வேண்டும். தேடிப் பாருங்கள், பெரும்பாலும் ஒற்றை இலக்கம்தான்.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது சத்து அட்டவணையில் நார்ச்சத்து வரி. 100 கிராம் கேழ்வரகிலும் கம்பிலும் சுமார் 11 கிராம் நார் உண்டு. முழுப் பாசிப்பயறில் 17, முழுக் கொண்டைக்கடலையில் 25. தீட்டிய பச்சரிசியில் 3 கிராம்கூட இல்லை. இவற்றையெல்லாம் கலந்ததாகச் சொல்லும் மாவில் நார் 5, 6 கிராம் என்று போட்டிருந்தால், ஒன்று அரிசியும் ஜவ்வரிசியும் கூடுதலாகப் போயிருக்கிறது, இல்லையென்றால் அரைத்தபின் சலித்துத் தவிட்டை எடுத்துவிட்டார்கள். நாக்குக்கு வழுவழு என்று இருக்க வேண்டும் என்பதற்காக இரட்டைச் சல்லடை போடுவது சகஜம். 10 கிராமுக்கு மேல் இருந்தால் வாங்கலாம். நார்ச்சத்து வரியே இல்லாத பாக்கெட்டுகளும் உண்டு. அதுவும் ஒரு பதில்தான்.

10 கிராம் இருந்தாலும் ஒரு வேளைக் கஞ்சியில் கிடைப்பது 3 கிராம். சாயங்காலம் 50 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டல் செய்தால் 12 கிராமுக்கு மேல் கிடைக்கும். தாளிக்கும் கடுகு, கறிவேப்பிலை, தேங்காய், மாங்காய்த் துண்டு எல்லாம் சேர, எண்ணிக்கையும் தானாக ஏறும்.

அளவு மட்டுமில்லை, உருவமும் வேறு. முழுப் பயறில் மாவுச்சத்து செல்சுவருக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. நாம் மென்று விழுங்கியபின் அதில் ஒரு பங்கு சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல்வரை போகிறது. அங்கே நுண்ணுயிர்கள் அதை நொதிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன; பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அதுவே முக்கிய எரிபொருள். நைசாக அரைத்து, கொதிக்கவைத்த மாவில் பயறின் அந்தச் செல்சுவர் உடைந்துபோகிறது. மாவுச்சத்து மேலேயே செரித்துச் சர்க்கரையாகிவிடுகிறது. நீரிழிவு உள்ளவர்கள் ‘சிறுதானியக் கஞ்சிதானே’ என்று குடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை அளவைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான்.

பட்டியலில் ராஜ்மா இருக்கிறதா என்றும் பாருங்கள். சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் அதிகம். ஊறவைத்து, நீரை வடித்து, நன்றாகக் கொதிக்கவைத்தால்தான் அது அழியும். உலர் வறுவலில் அது முழுதாக அடங்காது. அப்படிப்பட்ட மாவை வெந்நீரில் கலக்கி ‘இன்ஸ்டன்ட்’ என்று குடித்தால் சில மணி நேரத்தில் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். வீட்டில் அரைக்கிறவர்கள் ராஜ்மாவை விட்டுவிடுவதே நல்லது.

பெரிய நிறுவனப் பாக்கெட்டா, ஊர் மாவு மில்லிலோ மகளிர் குழுவிலோ அரைத்து விற்கும் பாக்கெட்டா? புதிதாக அரைத்தது என்றால் இரண்டாவதுதான் எங்கள் தேர்வு. தவிடு போகாமல் இருக்கும், என்ன போட்டீர்கள் என்று கேட்கவும் முடியும். ஆனால் அரைத்த தேதி தெரியாமல் வாங்கக் கூடாது. கம்பில் கொழுப்பு அதிகம். அரைத்தவுடன் அதிலுள்ள நொதி வேலையைத் தொடங்கி, சில நாட்களிலேயே கசப்பேற்றிவிடும். வறுத்து அரைத்தால் கொஞ்சம் தாங்கும். நிலக்கடலை, முந்திரி, எள் சேர்த்து அரைத்த மாவு இன்னும் சீக்கிரம் கெடும். ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். வறுத்த மணம் வர வேண்டும். பழைய எண்ணெயின் சிக்கு வாடை அடித்தாலோ, நாக்கில் வைத்ததும் தொண்டையில் காறினாலோ வேண்டாம். பூஞ்சை வாடை வந்தால் வறுத்துச் சரிசெய்யலாம் என்று பார்க்காமல் கொட்டிவிடுங்கள். நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் வரும் அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு சமையல் சூட்டில் போகாது.

வாய்ப்பிருந்தால் சொந்தமாக அரைப்பதே மேல். அரை கிலோ பாக்கெட்டின் விலைக்குப் பெரும்பாலும் ஒரு கிலோவாவது அரைக்கலாம். ஒன்பது பொருள் போதும், ஒவ்வொன்றும் பேர் சொல்லும்படி விழ வேண்டும். ஒரு கிலோவுக்கு: கேழ்வரகு 250 கிராம், கம்பு 150, சோளம் 100, பார்லி 100, சம்பா கோதுமை 100, முழுப் பாசிப்பயறு 100, கருப்புக் கொண்டைக்கடலை 100, தோலுடன் கருப்பு உளுந்து 50, கொள்ளு 50. மணத்துக்குச் சுக்கும் ஏலக்காயும் 5 கிராம் வீதம். சலிக்காமல் வைத்தால் 30 கிராமுக்கு 4 கிராம் அளவில் நார் கிடைக்கும்.

கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, கொள்ளு ஐந்தையும் தனித்தனியாக 8 முதல் 10 மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் கட்டி ஒரு நாள் தொங்கவிடுங்கள். முளை எள் அளவுக்கு எட்டிப் பார்த்தால் போதும். நீளமாக விட்டால் மாவு தித்திக்கும், கஞ்சி நீர்த்துப்போகும்; முளையில் பெருகும் நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுவதே காரணம். பிறகு நல்ல வெயிலில் இரண்டு நாள் காய வேண்டும். கொண்டைக்கடலையைப் பல்லில் கடித்தால் படக்கென்று உடைய வேண்டும், நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. அந்த ஈரத்தோடு அரைத்த மாவில்தான் பத்தாம் நாள் கட்டியும் வண்டும் வரும்.

வறுப்பதும் தனித்தனியாகவே, சிறு தீயில். கேழ்வரகுக்கு நான்கைந்து நிமிடம் போதும். கொண்டைக்கடலைக்கு அதைப் போல் இரு மடங்கு பிடிக்கும். ஒன்றாகக் கொட்டி வறுத்தால் கேழ்வரகு கருகும்போது கடலை பச்சையாகவே இருக்கும், அந்தப் பச்சை வாடை கஞ்சியில் கடைசிவரை போகாது. முழுதாக ஆறியபின் மில்லுக்குக் கொண்டுபோங்கள். அரிசியோ கோதுமையோ அரைத்த மெஷினில் போடச் சொல்லுங்கள். மிளகாய், மல்லி அரைத்த கையோடு போட்டால் மாவு முழுக்கக் காரம் ஏறும். “நைசா வேண்டாம், ரவைப் பதம்” என்று கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் துணியில் பரப்பி ஆறவைத்த பிறகே டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்து மாவு கட்டிப்படும். ஒரு கிலோவுக்கு மேல் அரைக்காதீர்கள். ஒரு மாதத்தில் தீர்த்துவிட்டு அடுத்த முறை தினை, சாமை, வரகு, குதிரைவாலி, தட்டைப்பயறு என்று மாற்றுங்கள். வகை கூட வேண்டுமானால் இப்படி மாதம் மாற்றித்தான் கூட வேண்டும். நிலக்கடலை, எள், ஆளி விதை ஆகியவற்றைத் தனியே வறுத்து வைத்துக்கொண்டு குடிக்கும்போது மேலே தூவலாம்.

காய்ச்சும்போது மாவை நேராகக் கொதிநீரில் போட்டால் உருண்டையின் வெளிப்பக்கம் வெந்து மூடிக்கொள்ளும், உள்ளே பச்சை மாவு நிற்கும். 30 கிராம் மாவை, அதாவது மூன்று மேசைக்கரண்டியை, முக்கால் டம்ளர் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு, கொதிக்கும் ஒன்றரை டம்ளர் நீரில் ஊற்றிக் கிளறுங்கள். ரவைப் பதம் என்பதால் சிறு தீயில் 10 நிமிடம் தேவைப்படும். இரண்டு நிமிடத்திலேயே கெட்டியாகிவிடும், வெந்துவிட்டது என்று இறக்கிவிடாதீர்கள். பாலும் சர்க்கரையும் வேண்டாம். ஆறியபின் மோரும் உப்பும் கலந்து, நறுக்கிய சின்ன வெங்காயம் நாலைந்து சேர்த்தால் வெங்காயத்தின் இனுலினும் சேரும். மாவில் குறைவாகவே இருக்கும் நார்வகை அது, நுண்ணுயிர்களுக்கு மிகவும் பிடித்தது. முந்தின இரவே மாவைக் கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சினால் கம்பங்கூழின் ருசி வரும்.

பாக்கெட்டால் தரவே முடியாதவை இருக்கின்றன: முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, வாழைப்பூ, வாழைத்தண்டு, கோவைக்காய், அவரைக்காய், சுண்டைக்காய், கொய்யா, நெல்லி. வாரச் சந்தையில் இரண்டு கீரை, நான்கு காய், இரண்டு பழம் புதிதாக எடுத்தாலே, வீட்டிலுள்ள பருப்பு, தானியம், மசாலாவோடு சேர்ந்து வாரக் கணக்கு இருபதைத் தாண்டிவிடும். அதற்கு மேல் சத்துமாவு இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை.

இதுவரை இட்லி, சோறு என்றே இருந்த வயிறு என்றால் முதல் வாரம் ஒரு மேசைக்கரண்டியில் தொடங்குங்கள். பயறுகளிலுள்ள ரஃபினோஸ் வகைச் சர்க்கரையை நுண்ணுயிர்கள் நொதிக்கவைக்கும்போது வாயு வரும். சில வாரங்களில் பெரும்பாலோருக்குப் பழகிவிடும். பழகாமல் வலியும் வயிற்றுப்போக்கும் தொடர்ந்தால், குறிப்பாகக் குடல் எரிச்சல் நோய் உள்ளவர்கள், கோதுமை, பார்லி, கொண்டைக்கடலையை எடுத்துவிட்டுப் பார்க்கலாம். கோதுமைப் புரதம் ஒவ்வாத சீலியாக் நோயாளிகளுக்குக் கோதுமையோ பார்லியோ கலந்த எந்தப் பாக்கெட்டும் கூடாது. சிறுநீரக நோயாளிகள் பொட்டாசியம், பாஸ்பரஸ் கணக்கை மருத்துவரிடம் கேட்ட பிறகே தொட வேண்டும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடுகிறவர்கள் கையோடு இந்தக் கஞ்சியைக் குடித்தால், அதிலுள்ள நார் மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கலாம். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சோயா சேர்த்த மாவென்றால் இன்னும் கூடுதலாக.