சலக் கசிவை யார் கேட்பது: ஓபிடியா, சுகவனிதையர் கிளினிக்கா, மருத்துவமாதா?

"இருமினால் சலம் (சிறுநீர்) போகுது" என்று வன்னியில் ஒரு பெண் தானாக வாய்திறந்து சொல்ல வருடக்கணக்கு எடுக்கும். நாற்று நடக் குனிந்தாலும் தண்ணீர்க் குடம் தூக்கினாலும் கசியும். மடித்த பழந்துணியும் கடும் நிறச் சேலையுமாகச் சமாளித்துவிடுவா. "பிள்ளை பெத்தால் உப்பிடித்தான்" என்று தாயும் சொல்லியிருப்பா. அப்ப யாரோ முந்திக் கேட்கவேணும்.

ஓபிடியில், அதாவது ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவில், கேட்கலாமா? டொக்டரின் மேசையடியில் அடுத்த நோயாளி வந்து இருந்துவிடுவார். அவர் ஊர்ச் சித்தப்பாவாகவும் இருக்கலாம். அதனால் அவ முழங்கால் நோவு என்று மட்டும் சொல்லிப் பனடோலோடு திரும்பிவிடுவா. ஆனால் சலம், சீனி பார்ப்பதும், பிரஷருக்குக் குடிக்கும் குளிசைதான் சலத்தைக் கூட்டுகிறதா என்று தேடுவதும் அங்கேதான் நடக்கும். சலத்தில் இரத்தம் கண்டால் தாமதிக்காமல் பெரியாஸ்பத்திரி.

என் வாக்கு சுகவனிதையர் கிளினிக்குக்கு. பெண்களின் சுகத்தைப் பரிசோதிக்கும் இந்த அரச கிளினிக் இலங்கையில் 1996இல் தொடங்கியது; கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தேடும் பாப் சோதனைக்கு 35, 45 வயதுப் பெண்களைக் கூப்பிடுகிறார்கள். கட்டிலில் படுத்திருக்கும் அந்தச் சில நிமிடத்தில், "சலத்தை அடக்கிற மாதிரி உள்ளுக்கு இறுக்குங்கோ அம்மா" என்றால், சரியான தசை இறுகுதா, வெறுமனே வயிற்றை முக்கிறாவா என்பது பரிசோதிப்பவரின் விரலுக்குத் தெரிந்துவிடும். கருப்பை இறங்கியிருந்தால் அதுவும் கண்ணில் படும். இதை ஓபிடியில் நினைத்தும் பார்க்கேலாது. ஒரேயொரு குறை: பெண் ஒருமுறை வந்துபோனால் அதோடு சரி. கசிவைக் குறைக்கும் இந்த இறுக்கும் பயிற்சியோ தடவைக்கு 8 இறுக்கல், நாளைக்கு 3 தடவை, 3 மாதம் விடாமல் செய்யவேண்டியது.

அந்த 3 மாதத்துக்கு, வீடு வீடாக வரும் குடும்பசுகாதார ஊழியரான மருத்துவமாதுதான் ஆள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்குமே அவவின் நேரம் போய்விடும், 60 தாண்டிய அம்மாமார் கணக்கில் இல்லை, உண்மைதான். என்றாலும் வீட்டுப் படலை திறந்து வருகிறவ அவதான். சலம் முட்டிய உடனே ஓடவேண்டி வருபவர்களுக்கு, போகும் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும் பழக்கம் குறைந்தது 6 கிழமை தேவை. கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எப்ப போனது, எப்ப கசிந்தது என்று 3 நாள் எழுதுவித்தாலே, இருமினால் கசியும் வகையா, அவசரத்தில் கசியும் வகையா என்று பிடிபடும். "தண்ணி குடிக்கிறதைக் குறைச்சிட்டன்" என்பதையும் அவதான் நிறுத்தவேணும். சலம் கடுத்தால் அவசரம் கூடும், வவுனியாப் பக்கச் சிறுநீரக வருத்தத்துக்கு நடுவில் தண்ணீரைக் குறைப்பது வேறு வினை.

ஆக, கேள்வி கிளினிக்கில், தொடர்ச்சி வீட்டில். குசினிக்குப் பின்னால், மற்ற உடுப்புகளுக்கு அடியில் காயும் பழந்துணி மருத்துவமாதுவின் கண்ணில்தான் படும்.