நனைத்த தோலைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம்: தோல் கிட் வாங்கி ஏமாந்த கதை

தோலில் பூவேலை செய்து பழகலாம் என்று ஆன்லைனில் கிட் தேடுகிறவர்கள், பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 2,650 ரூபாய் போனது. போனால் போகிறது, பத்து நாளாக என் கையையே திட்டிக்கொண்டிருந்தேன், அதுதான் ஆறவில்லை.

அப்பாவுக்குப் பாபநாசம் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால். கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குனிந்து நிமிர்ந்து வேலை பார்ப்பார், வருஷத்துக்கு இரண்டாவது உடைந்துவிடும். தோலில் ஒரு கண்ணாடிக்கூடு தைத்து, மேலே வெற்றிலைக்கொடி ஒன்றைச் செதுக்கிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வீடியோவெல்லாம் பார்த்துவிட்டு, இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கத்தில் ‘பிகினர் கிட்’ என்று போட்டிருந்ததை வாங்கினேன். ஏ4 அளவில் நான்கு துண்டு ‘ஒரிஜினல் வெஜ் டேன்’ தோல் (அதாவது மரப்பட்டை, காய்களில் பதனிட்டது), 2 மி.மீ. கனம், விரலால் சுழற்றிக் கோடு கீறும் ஒரு ஸ்விவல் கத்தி, பதினொரு அச்சு, ஒரு கொட்டாப்புளி. ஆடிப்பெருக்குக்கு மறுநாள் பார்சல் வந்தது. உள்ளே ஒரு சீட்டு: ‘நனைத்த, வெட்டிய தோல் திரும்ப எடுக்கப்படாது.’ நியாயம்தானே என்று தூக்கிப் போட்டேன்.

இந்த வேலையில் முதலில் தோலை நனைக்க வேண்டும். ஸ்பாஞ்சால் தண்ணீர் தடவினால் நிறம் கறுக்கும். கொஞ்ச நேரம் விட்டால் பழைய நிறம் திரும்பும், தொட்டால் மட்டும் சில்லென்று இருக்கும். அந்தப் பதத்தில் கோட்டைக் கத்தியால் கீறி, கோட்டின் ஒரு பக்கத்தை பெவலர் அச்சால் தட்டித் தாழ்த்தினால் இலை மேலே எழும்பி நிற்கும். காய்ந்த பிறகும் அப்படியே நிற்கும். நிற்க வேண்டும்.

என் தோலில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. விடாமல் தேய்த்த பிறகுதான் கொஞ்சம் உள்ளே போனது. கத்தி இழுத்தால் வெட்டவில்லை, தோல் சுருங்கிக்கொண்டு கூடவே வந்தது. பெவலரை வைத்துத் தட்டினால் பள்ளம் விழும், நான் அடுத்த தட்டுக்கு நகர்வதற்குள் மெத்தையில் விரல் வைத்து எடுத்த மாதிரி மேலே வந்துவிடும். விடிந்து பார்த்தால் கொடியும் இல்லை, இலையும் இல்லை, கீறல்தான் இருந்தது.

விற்றவருக்குப் படம் அனுப்பினேன். ‘ப்ரோ, தண்ணி பத்தல, நல்லா ஊற வைங்க’ என்றார். ராத்திரி முழுக்க ஊற வைத்தேன். ‘அடி பத்தல ப்ரோ, பிகினருக்கு அப்படித்தான் இருக்கும்’ என்றார். ஓங்கி அடித்ததில் ஒரு அச்சின் தலை உடைந்தது. (சுவாமிமலையில் சிலைகளுக்குச் செதுக்கு வேலை செய்யும் நண்பன் அதைப் பார்த்துவிட்டு, ‘இது இரும்பே இல்லடா, என்னத்தையோ வார்த்து முலாம் பூசியிருக்கான்’ என்றான்.) மூன்று துண்டு தோல் இப்படியே வீணானது. நமக்கு இந்த வேலை வராது போல என்று பெட்டியை மூடி வைத்துவிட்டேன்.

அப்புறம் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புக்கு வார் மாற்றப் போனேன். அங்கே தைக்கும் பெரியவரிடம் பையில் இருந்த துண்டை எடுத்துக் காட்டி, “ஐயா, இதுல பூ வேலை வருமா?” என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஓரத்தைக் கத்தியால் சாய்வாகச் சீவினார். வெளியே பழுப்பு, நடுவில் வெளிறிய நீலம்.

“குரோம் தோலு தம்பி. ஓரத்துக்கு வர்ணம் அடிச்சிருக்கான். இது பைக்கு, ஷூவுக்கு மேல்தோலுக்கு நல்லா இருக்கும். இதுல போய் அச்சு குத்துனா எப்படி நிக்கும்?”

வீட்டில் கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொல்லி, பட்டையில் பதனிட்ட அடித்தோல் துண்டு ஒன்றையும் கூடக் கொடுத்தார். அம்மாவின் பழைய பாத்திரம் ஒன்றில் இரண்டையும் போட்டேன் (அந்தப் பாத்திரம் இனி எனக்குத்தானாம்). அவர் கொடுத்தது ஒரு நிமிஷத்தில் சுருண்டு அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டது. நான் வாங்கியது ஒன்றுமே நடக்காத மாதிரி மிதந்தது. குரோம் உப்பில் பதனிட்ட தோல் கொதிநீரையும் தாங்கும், அழுத்தினால் திமிறிக்கொண்டு எழும். மரப்பட்டை, காய்களின் துவர்ப்பில் பதனிட்டதுதான் ஈரத்தில் களிமண் மாதிரி அச்சை வாங்கிக்கொள்ளும். குரோம் மட்டமான தோல் இல்லை, நாம் போடும் ஷூக்களில் பெரும்பாலும் அதுதான். பொய்ப் பெயரில் விற்றதுதான் தப்பு. அதிலும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிடுவது திண்டுக்கல், திருச்சி பக்கமெல்லாம் நடந்துவந்த தொழில், அதற்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அந்தத் தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு இதை வாங்கியிருக்கிறேன்!

நீலம் தெரியும் படத்தையும் கொதிநீர் வீடியோவையும் அனுப்பிப் பணத்தைக் கேட்டேன். ‘நனைச்ச பீஸ் ரிட்டர்ன் இல்ல ப்ரோ, சீட்டுல போட்டிருக்கே.’ அப்போதுதான் அந்தச் சீட்டின் சூது புரிந்தது. புதிதாகப் பழகுகிறவனுக்கு நனைக்காமல், வெட்டாமல் தோலின் குட்டு தெரியாது. நனைத்துவிட்டால் பணம் கிடையாது. நடுவில் ‘பிகினருக்கு அப்படித்தான்’ என்று நாலு நாள் ஓட்டினால், மீதித் தோலையும் நாமே நனைத்து முடித்துவிடுவோம்.

இன்னொரு தடவை வாங்கினால், முழுத்தொகை அனுப்பும் முன் விரலகலத் துண்டு ஒன்றைத் தபாலில் கேட்பேன். அதன் ஓரத்தைச் சீவிப் பார்ப்பேன், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பேன். துண்டு தர மாட்டேன் என்றால் அந்தக் கடையே வேண்டாம். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை, இப்போது அனுபவிக்கிறேன். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளிலேயே இருக்கிறது. அதனால் சீட்டில் என்ன அச்சடித்திருந்தாலும் பயந்து விட்டுவிடாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். விற்றவர் என்னை பிளாக் செய்துவிட்டார். தங்கையின் போனில் பார்த்தேன், அதே படம், அதே ‘ஒரிஜினல் வெஜ் டேன்’, ஓணம் ஆஃபர் 2,499 ரூபாய். கீழே ஒருவர், ‘அச்சு நிக்க மாட்டேங்குது, என்ன பண்றது?’ என்று கேட்டிருக்கிறார். பதில்: ‘தண்ணி பத்தல ப்ரோ.’