நெட்டையா, குட்டையா, ஒளிச்சு வச்சதா: பைக் ரேடியோ ஆண்டெனா வாங்கி நான் பட்ட பாடு

டூரிங் பைக்ல ரேடியோ வச்சிருக்கவங்களுக்குத்தான் இந்த அவஸ்தை தெரியும். பின்னாடி ஒரு நீளக் கம்பி ஆடிக்கிட்டே வரும், வண்டிக்கு கவர் போடும்போது மாட்டும், குனிஞ்சு கழுவினா கண்ணுல குத்த வரும், சரி இதக் கழட்டிட்டு குட்டையா அழகா ஒண்ணு போட்டுடலாம்னு ஒருநாள் தோணும் பாருங்க, சனி அங்கதான் பிடிக்குது. மூணு வருஷத்துல மூணு ஆண்டெனா மாத்திட்டேன், அந்த அனுபவத்துலதான் இந்த ஒப்பீடு.

முதல்ல ஒரு விஷயம். கம்பெனிக்காரன் அவ்ளோ நீளமா வைக்கிறது சும்மா இல்ல. எஃப்எம் 100 மெகாஹெர்ட்ஸ்னா அலைநீளம் 3 மீட்டர், அதுல கால்வாசி 75 சென்டிமீட்டர், கம்பியும் ஏறக்குறைய அந்த அளவுல இருந்தாதான் சிக்னல நல்லா பிடிக்கும். ஏஎம்ல கதையே வேற, 1000 கிலோஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 300 மீட்டர், அதுக்கு முன்னாடி எந்த பைக் கம்பியும் தூசுதான், அங்க கம்பி ஒரு சின்ன கெபாசிட்டர் (மின்சாரத்த கொஞ்சம் தேக்கி வைக்கிற பார்ட்) மாதிரிதான் வேலை செய்யுது, கம்பி குட்டையாக ஆக அந்த கெபாசிட்டன்ஸும் குறையும், வர்ற கொஞ்சநஞ்ச சிக்னலையும் கேபிளே விழுங்கிடும். அதனால "ஒரிஜினலை விட பெட்டர் ரிசப்ஷன்"னு ஒரு சாண் ஆண்டெனா அட்டையில போட்டிருந்தா அது பொய். குட்டையா போனா ஏதாவது இழப்பு இருக்கும், எவ்ளோங்கிறதுதான் கேள்வி.

முதல்ல நான் வாங்கினது பேர் ஊர் தெரியாத மலிவு குட்டை. பார்க்க சூப்பரா இருந்துச்சு. மூணாவது வாரம் மேல இருந்த ரப்பர் கையோட வந்துடுச்சு, உள்ள பார்த்தா பாதி தூரத்துக்கு ஒரு போல்ட், அவ்ளோதான், காயிலும் இல்ல ஒண்ணும் இல்ல. குட்டை ஆண்டெனான்னா உள்ள மெல்லிசு கம்பிய ஸ்பிரிங் மாதிரி சுத்தியிருக்கணும், அப்பதான் குறைஞ்ச நீளத்த கொஞ்சமாவது ஈடுகட்டும். இது ரப்பர் சட்டை போட்ட போல்ட். வித்தவன்கிட்ட சொன்னா போட்டோ அனுப்புங்கன்னான், அனுப்பினேன், வீடியோ அனுப்புங்கன்னான், அனுப்பினேன், ரேடியோ ஓடுற மாதிரி வெட்டவெளியில எடுத்த வீடியோ வேணும்னான், அதையும் எடுத்து அனுப்புறதுக்குள்ள ரிட்டர்ன் தேதி முடிஞ்சுடுச்சு. அடுத்த பொருளுக்கு டிஸ்கவுண்ட் தரேன்னான். அடுத்த பொருளா, அடப்பாவி!

ரெண்டாவது, வாழ்நாள் வாரண்டின்னு பெருசா எழுதின பிராண்ட் குட்டை. நேர்மையா சொல்லணும்னா தரம் வேற லெவல். காயில் ஒழுங்கா சுத்தியிருந்துச்சு, கம்பி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், வேற வேற மரைக்கு அடாப்டரும் கூடவே வந்துச்சு (மலிவுல அது இல்லாம நான் ஏற்கனவே ஒரு மரைய நாசம் பண்ணியிருந்தேன்). பக்கத்துல இருக்கிற எஃப்எம் ஸ்டேஷன் சுத்தமா கேட்டுச்சு, தூரத்து ஸ்டேஷன் போச்சு, ஏஎம் சுத்தமா அவுட். ஆனா அடிப்பகுதி துத்தநாக வார்ப்புல குரோம் பூசினது, பைக் அதிர்வுக்கு அது தாங்கல, மரை பக்கத்துல விரிசல். போன் பண்ணினா ஆள் எடுத்தாங்க, அதுவே பெரிய விஷயம், ஆனா வாழ்நாள் வாரண்டி கம்பிக்கு மட்டும்தானாம், அடிப்பகுதி தேயற பார்ட்டாம். வார்ப்பு எங்கங்க தேயும்? நாலு தடவை சண்டை போட்டதும் மாத்திக் கொடுத்தாங்க, கூரியர் செலவு என் தலையில.

ஒரு நல்லதும் நடந்துச்சு, போன்ல பேசின அந்த டெக்னீஷியன் "பிராக்கெட் கீழ பெயின்ட் சுரண்டினீங்களா"ன்னு கேட்டார். நடுவுல பெயின்ட் இருந்தா ஆண்டெனா அடிப்பகுதிக்கும் வண்டி உலோகத்துக்கும் கனெக்ஷன் (அதான் கிரவுண்ட்) சரியா கிடைக்காது. சுரண்டி, பல் வச்ச வாஷர் போட்டு, கிரவுண்ட மல்டிமீட்டர்ல செக் பண்ணினேன், அதுல வந்த முன்னேற்றம் எந்த ஆண்டெனா மாத்தியும் வரல. பாதிப் பேர் ஆண்டெனாவத் திட்டுறது உண்மையில பவுடர் கோட்டிங் (கெட்டியான பெயின்ட் பூச்சு) பண்ற வேலைய. ஏஎம்ல மட்டும் இன்ஜின் கூடவே டர்ர்னு இரைச்சல் ஏறி இறங்குதுன்னா ஸ்பார்க் பிளக் இந்த இரைச்சல அடக்குற ரெசிஸ்டர் வகையான்னும் பாருங்க, அதுக்கும் ஆண்டெனாவுக்கும் சம்பந்தமே இல்ல.

மூணாவது, ஃபேரிங் (வண்டி முன்னாடி இருக்கிற பிளாஸ்டிக் கூடு) உள்ள ஒளிச்சு வைக்கிற ஆம்ப்ளிஃபையர் ஆண்டெனா. வெளிய ஒண்ணுமே தெரியாது, அந்த அழகுக்காகவே நிறைய பேர் விழுறாங்க, நானும் விழுந்தேன். பிளாஸ்டிக் உள்ள வேலை செய்யும், ஆனா ஆம்ப்ளிஃபையருக்கு சிக்னல் எது இரைச்சல் எதுன்னு தெரியாது, ரெண்டையும் சேர்த்துப் பெருசாக்கும், பக்கத்துல ஸ்பார்க் பிளக்குக்கு கரண்ட் கொடுக்கிற இக்னிஷன் காயில் இருந்தா செத்தோம். ரேடியோ ஸ்டேஷன் டவர் பக்கம் போனா திணறி எல்லா ஸ்டேஷனையும் குழப்பும். இதுல 12 வோல்ட் ஒயர் ஒண்ணு இருக்கு, அத சாவி போட்டா மட்டும் வர்ற லைன்ல கொடுக்கணும், நேரா பேட்டரில கொடுத்தா நிறுத்தி வச்ச வண்டில சார்ஜ கொஞ்சம் கொஞ்சமா குடிக்கும். கூட வந்த ஒத்தத் தாள்ல இதப் பத்தி ஒரு வரி கிடையாது. மெயில் போட்டேன், ஒன்பது நாள் கழிச்சு பதில், "தகுதியான மெக்கானிக் மாட்டலன்னா வாரண்டி இல்ல". நான் கேட்டது எந்த ஒயர்னு! கெட்டுப்போனா மறுபடி ஃபேரிங் பூரா கழட்டணும், அந்தக் கூலிய எவனும் தரமாட்டான்.

சிபி ரேடியோ (வண்டிக்கு வண்டி மைக்ல பேசுற செட்) வச்சிருக்கவங்க இதுல எதையும் தொடாதீங்க. அது 27 மெகாஹெர்ட்ஸ், அதுவும் அனுப்புற வேலை, கேட்கிறதுக்கு மட்டும் செஞ்ச குட்டையப் போட்டு மைக்க அழுத்தினா பவர் திரும்பி வந்து செட்டையே காலி பண்ணலாம். எஸ்டபிள்யூஆர் மீட்டர்ல (அனுப்பின பவர் ஆண்டெனாவுல ஏறாம திரும்புதான்னு காட்டுற கருவி) 3 காட்டினாலே கால்வாசி பவர் திரும்புதுன்னு அர்த்தம், 1.5க்குள்ள இருந்தா நிம்மதி.

ரேடியோவே வேணாம், போன்ல பாட்டு போதும்னு சொல்றவங்களும் இருக்காங்க, ஹோண்டாவோட 2018 கோல்ட் விங் பைக்ல, போன வண்டி ஸ்கிரீன்லயே காட்டுற ஆப்பிள் கார்பிளேவே வந்துடுச்சு. நெட்வொர்க் இல்லாத மலைப்பாதையில அவங்கள சந்திக்கிறேன்.

மறுபடி வாங்கணும்னா நான் பிராண்ட் குட்டைதான் வாங்குவேன், அதுவும் கம்பி மட்டும், அடிப்பகுதி வண்டியோட வந்ததே இருக்கட்டும். காசு கட்டுறதுக்கு முன்னாடி வித்தவனுக்கு மூணே கேள்வி அனுப்புவேன்: மரை சைஸ் என்ன, உள்ள காயில் இருக்கா, வாரண்டில அடிப்பகுதி சேருமா. ரெண்டு நாள்ல பதில் வரலன்னா விட்டுடுவேன், காசு வாங்குறதுக்கு முன்னாடியே பேசாதவன் வாங்கினப்புறம் எங்க பேசப்போறான்.

இப்போதைக்கு வண்டில பழைய நெட்டைக் கம்பியே திரும்ப ஏறிடுச்சு. ஏஎம் கேட்குது. வண்டி கவர்ல ஒரு ஓட்டை போட்டுட்டேன், கம்பி அது வழியா வெளிய நிக்குது.