எபிக்ஸுடன் ஆறு வருடம்: காரைக்குடியிலிருந்து ஓர் அனுபவம்

காரைக்குடியில் ‘பேட்டரி சோதனை வேலை’ என்று சொன்னால் எதிரே இருப்பவர் உடனே “செக்ரியா?” என்பார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைத்தான் அப்படிச் சொல்கிறார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய இடமாயிற்றே. நான் அங்கே இல்லை. கோட்டையூரிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் ஒரு சின்னத் தனியார் சோதனைக்கூடத்துக்குப் போகிறேன். கருவிகளைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் எழுதுவது என் வேலை.

ஒரு பேட்டரி செல்லுக்கு சார்ஜ் ஏற்ற இரண்டு மணி நேரம், இறக்க இரண்டு மணி நேரம். 500 சுற்று என்றால் 2000 மணி, அதாவது 83 நாள். அத்தனை நாளும் செல் இருக்கும் ஓவன் 45 டிகிரியிலேயே நிற்க வேண்டும். முன்பு இதை ஒரே ஒரு ஸ்கிரிப்ட் கவனித்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் ஓவனைக் கணினியோடு இணைக்கும் கேபிள் கழன்றுவிட்டது. திரை மட்டும் விடிய விடிய 45.0 காட்டியது. காலையில் தொட்டுப் பார்த்தால் ஓவன் சில்லென்று இருக்கிறது! கடைசியாக வந்த எண்ணையே அது பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஐம்பது நாள் சோதனை போயிற்று.

அதன் பிறகுதான் எபிக்ஸ் (EPICS): பல கருவிகளைச் சேர்த்துக் கண்காணித்து இயக்கும் மென்பொருள். 1980களின் இறுதியில் லாஸ் அலமோஸ், ஆர்கான் ஆய்வகங்களில் துகள் முடுக்கிகளுக்காகப் பிறந்தது, இலவசம். இதில் ஒவ்வொரு அளவீடும் ஒரு ரெக்கார்டு. மதிப்போடு நேரமும் எச்சரிக்கை நிலையும் சேர்ந்தே வரும். கருவி பதில் சொல்லாவிட்டால் நிலை ‘இன்வாலிட்’ (செல்லாது) ஆகிவிடும், திரையில் அந்தக் கட்டத்தின் நிறமும் மாறும். எனக்கு இது ஒன்றே போதும்.

கற்றுக்கொள்வது லேசில்லை. முதல் மூன்று மாதம் தலைவலிதான். ஒரு பவர் சப்ளை வாயே திறக்கவில்லை. கணினியோடு இணைக்கும் ஆர்எஸ்-232 வயரை மாற்றினேன், தகவல் போகும் வேகம் 9600 பாட் தானா என்று சரிபார்த்தேன், ஒரு நாள் முழுக்கப் போனது. கடைசியில் பார்த்தால், கட்டளையின் முடிவில் சிஆர், எல்எஃப் என்ற வரிமுடிவுக் குறிகள் இரண்டையும் அது எதிர்பார்க்கிறது; நான் எல்எஃப் மட்டும் அனுப்பியிருக்கிறேன். ஆவணங்களும் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒரே ஒரு கருவிதான் இருக்கிறது என்றால் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எபிக்ஸில் வெப்பநிலை இலக்குக்கு மேல்வரம்பு வைக்கும் வசதி நல்லது. 60 என்று போட்டுவிட்டால், தூக்கக் கலக்கத்தில் யாராவது 450 என்று தட்டினாலும் 60-க்கு மேல் போகாது. ஆனால் இதைப் பாதுகாப்பு என்று நம்பக் கூடாது. சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரு கட்-அவுட் ஓவனுக்குத் தனியாக வேண்டும்.

அது எனக்கு உறைத்தது எபிக்ஸின் ஆட்டோசேவ் வசதியால். கரண்ட் போய் வந்ததும் பழைய அமைப்புகளை அது திருப்பிக் கொடுத்துவிடும். சௌகரியம்தான். ஒரு சித்திரை ராத்திரி கரண்ட் வந்ததும் ஹீட்டர் பழைய இலக்கோடு ஓடத் தொடங்கியது. ஓவனுக்குள் காற்றைச் சுழற்றும் ஃபேனை ஆட்டோசேவ் பட்டியலில் சேர்க்க நான்தான் மறந்திருந்தேன். ஒரு மூலை மட்டும் கொதித்து, கட்-அவுட் விழுந்து, பஸர் அலறியது. இரண்டு மணிக்கு வாட்ச்மேன் அண்ணன் போன்: “தம்பி, கரண்டு வந்துருச்சு, உள்ள ஏதோ கத்துது.” இப்போது கரண்ட் வந்தால் ஹீட்டர் அணைந்தபடியே இருக்கும். ஆள் வந்து பட்டனைத் தட்ட வேண்டும்.

போன வாரம் அண்ணனே மறுபடி கூப்பிட்டார். “திரையில ரெண்டாவது ஓவன் கட்டம் கத்திரிப்பூ கலருக்கு மாறிருச்சு தம்பி, எண்ணைப் பாக்காதீங்க.” பெருக்கும்போது கேபிள் தட்டுப்பட்டுக் கழன்றிருக்கிறது. போனிலேயே வழி சொன்னேன், அவரே செருகிவிட்டார்.