கழுத்தில் ஃபியூஷனா, செயற்கை டிஸ்க்கா?

அண்ணனுக்குக் கழுத்தில் ஃபியூஷன் செய்து 11 வருடம் ஆகிறது. எனக்குச் செயற்கை டிஸ்க் வைத்து 4 வருடம். இருவருக்கும் கெட்டது ஒரே இடம், சி5-சி6. அதாவது கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு (டிஸ்க்). கட்டைவிரல் மரத்துப்போய், சட்டைப் பொத்தான் போடவே தடுமாறிய பிறகுதான் இருவரும் ஆபரேஷனுக்குச் சம்மதித்தோம்.

பாதி வழி வரை இரண்டும் ஒன்றுதான். கழுத்தின் முன்பக்கம் சின்னதாகக் கீறி, நரம்பை அழுத்தும் ஜவ்வை எடுத்துவிடுவார்கள். காலியான இடத்தில் கேஜ் என்ற சின்னக் கூடு வைத்து, பிளேட் போட்டு ஸ்குரூ முடுக்கினால் ஃபியூஷன். சில மாதங்களில் இரண்டு எலும்பும் ஒன்றாகிவிடும். அசையும் மூட்டைப் பொருத்தினால் செயற்கை டிஸ்க். கைவலி குறைவதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஃபியூஷன் செய்தால் தலையைத் திருப்ப முடியாது என்று பயப்படவும் வேண்டாம். தலை திரும்புவதில் ஏறக்குறைய பாதியை மேலே உள்ள முதல் இரண்டு எலும்புகளே பார்த்துக்கொள்கின்றன. அண்ணன் இன்றும் காரை ரிவர்ஸ் எடுக்கிறார். செலவு ஃபியூஷனில்தான் குறைவு, அதில் பேச ஒன்றுமில்லை.

நான் மண்டையை உடைத்துக்கொண்டதெல்லாம் பக்கத்து டிஸ்க்கைப் பற்றித்தான். ஒரு கணு (இரண்டு எலும்பும் நடுவிலுள்ள ஜவ்வும்) அசையாமல் போனால், அதன் பங்கு அசைவு மேலும் கீழும் உள்ள கணுக்களின் தலையில் விழுகிறது. அண்ணனுக்கு 9-வது வருடம் தோள்பட்டையில் வலி வந்தது. எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். பிளேட்டின் மேல் நுனி சி4-சி5 ஜவ்வை முட்டுகிற மாதிரி நின்றது. அங்கிருந்து கிளி மூக்கு போல ஓர் எலும்புமுனை வளர்ந்திருந்தது. பிளேட்டுக்கும் அடுத்த ஜவ்வுக்கும் 5 மி.மீ. இடைவெளியாவது விட வேண்டும் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஃபியூஷன்தான் என்று முடிவு செய்தவர்கள் இந்த ஒரு கேள்வியையாவது சர்ஜனிடம் கேட்டுவிடுங்கள்.

இந்த விஷயத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது அலன் ஹிலிப்ராண்ட் குழு 1999-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு. கழுத்தில் ஃபியூஷன் செய்துகொண்ட 374 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், பக்கத்துக் கணுவால் புதிதாகத் தொந்தரவு வந்தவர்கள் ஆண்டுக்கு 2.9 சதவீதம். 10 ஆண்டுக் கணக்கில் நாலில் ஒருவர். எக்ஸ்ரேயில் மட்டும் தெரியும் தேய்மானம் இதில் சேராது. வலி, மரத்துப்போதல் என்று வெளிப்பட்டதைத்தான் எண்ணினார்கள்.

அதே ஆய்வில் நம் கணக்கைக் குழப்பும் ஒரு தகவலும் உண்டு. பல கணுக்களை இணைத்தவர்களுக்கு, ஒரே கணுவை இணைத்தவர்களைவிடப் பக்கத்துத் தொந்தரவு குறைவாக இருந்தது. பாரம் மட்டுமே காரணமென்றால் தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? ஆகவே ஜவ்வு தேயும் உடம்பில் ஃபியூஷன் செய்யாவிட்டாலும் அடுத்த ஜவ்வு தேயத்தான் செய்யும். அண்ணன் கழுத்தில் எவ்வளவு பிளேட்டின் வேலை, எவ்வளவு வயதின் வேலை என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அப்புறம் ஏன் டிஸ்க்? அப்போது எனக்கு வயது 43. இன்னும் முப்பது வருடமாவது இந்தக் கழுத்தோடு ஓட்ட வேண்டும். அடுத்த கணு எப்படியும் கெடும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது கீழே ஏற்கெனவே இறுகிப்போன கணு இருந்தால், இரண்டாவதையும் இணைத்து நீளமான கட்டையாக்க வேண்டிவரும். கீழே அசைகிற கணு இருந்தால் டாக்டருக்கும் எனக்கும் கொஞ்சம் இடம் மிச்சம். என்னை டிஸ்க் பக்கம் சாய்த்தது இதுதான். கழுத்துக்கான டிஸ்க்குகளுக்கு அமெரிக்காவில் 2007-ல் அனுமதி கிடைக்கக் காரணமான சோதனைகளை, டிஸ்க்குகளைத் தயாரித்த கம்பெனிகளே நடத்தின. அதனால் அந்தச் சோதனைகளின் நல்ல முடிவுகளைக் கொஞ்சம் தள்ளுபடி போட்டுத்தான் படித்தேன்.

டிஸ்க்கிலும் வில்லங்கம் உண்டு. சிலருக்கு அதைச் சுற்றி எலும்பு வளர்ந்து அசைவே நின்றுவிடுகிறது. கூடுதல் காசு கொடுத்து ஃபியூஷன் வாங்கின கதைதான். எலும்பு பலமில்லாதவர்களுக்கும், பின்பக்க மூட்டுகள் ஏற்கெனவே தேய்ந்தவர்களுக்கும் இது ஒத்துவராது. எங்கள் அம்மாவுக்கு வயது 68, எலும்பு அடர்த்தி குறைவு. அவருக்கு இந்த நிலை வந்திருந்தால் யோசிக்காமல் ஃபியூஷன் என்றிருப்பேன். இடுப்புக்கும் இதே கணக்கைப் போடாதீர்கள். அங்கே பாரம் வேறு, அனுபவமும் எனக்கு இல்லை.

4 வருடம் என்பது இந்த விஷயத்தில் ஒன்றுமே இல்லை, அதுவும் தெரியும். போன மாதம் குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுத்தார்கள். டிஸ்க் அசைகிறது. மேலே சி4-சி5-ல் லேசான தேய்மானம் இருக்கிறது, ஆபரேஷனுக்கு முந்தைய படத்தில் இருந்த அதே அளவு. அண்ணன் இரண்டு படங்களையும் வாங்கி, அதே ஜன்னலில் வைத்துப் பார்த்துவிட்டு, "சரி, 9-வது வருஷம் பேசிக்கலாம்" என்றார்.