கிழக்கே தனுஷ்கோடி, மேற்கே சாயல்குடி: பந்தயத்துக்கு எந்த ரோடு?

ராமநாதபுரத்தில் ரோடு சைக்கிள் வாங்கும் எல்லாரும் முதல் மாதமே தனுஷ்கோடிக்குக் கிளம்பிவிடுகிறோம். இரண்டு பக்கமும் கடல், நடுவில் கயிறு கட்டிய மாதிரி ரோடு, ரோடு முடியும் அரிச்சல்முனையில் அசோகத் தூணுக்கு முன்னால் சைக்கிளைச் சாய்த்து வைத்து ஒரு போட்டோ. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பிறகு வெளியூரில் ஒரு 40 கிலோமீட்டர் டைம் ட்ரயலுக்கு, அதாவது ஒவ்வொருவரும் தனியாக ஓட்டி நேரம் பார்க்கும் பந்தயத்துக்கு, பெயர் கொடுத்தேன். நான்கு மாதம் தனுஷ்கோடி ரோட்டிலேயே, அதுவும் கூட்டத்தோடு ஓட்டிப் பழகிய கால், தனியாக எதிர்காற்றில் மிதிக்க வேண்டி வந்ததும் பாதியிலேயே கைவிட்டுவிட்டது. ஊருக்குத் திரும்பியதும் சாயல்குடி ரோட்டுக்கு மாறினேன். இப்போது இரண்டிலும் ஓட்டுகிறேன். எதற்கு எது என்பதில் மட்டும் நம் ஆட்கள் தலைகீழாக நினைக்கிறார்கள் என்பது என் கட்சி.

இந்தக் கரையில் மலை கிடையாது. பாம்பன் பாலத்தின் நடுமேட்டை விட்டால் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஊட்டிக்காரருக்கு மலை எதுவோ, நமக்கு அது காற்று. கடலுக்குப் போகிறவர்கள் அதற்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். தென்மேற்கிலிருந்து வந்தால் கச்சான், வடகிழக்கிலிருந்து வந்தால் வாடை. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை கச்சான் ஆட்டம் போடும். அக்டோபருக்கு மேல் பொங்கல் வரை வாடை. நம் ரோடு எந்தத் திசை பார்த்து ஓடுகிறது என்பதை இந்த இரண்டோடும் பொருத்திப் பார்த்தால் பாதி அலசல் முடிந்துவிடும்.

முதலில் சாயல்குடி. ராமநாதபுரத்திலிருந்து திருப்புல்லாணி, கீழக்கரை வரை ரோடு தெற்கே இறங்குகிறது. அங்கிருந்து ஈசிஆர் ஏர்வாடி, சிக்கல் வழியாக ஏறக்குறைய நேர் மேற்காகப் போகிறது. மொத்தம் 50 கிலோமீட்டரை ஒட்டி வரும். கச்சான் மாதங்களில் கீழக்கரை தாண்டிய நிமிடத்திலிருந்து காற்று மூஞ்சியில்தான். நிழல் இல்லை, வளைவு இல்லை, ஒதுங்க ஒரு சுவர்கூட இல்லை. கருவேலங்காடும் வெட்டவெளியும் மாறி மாறி வரும்.

எதிர்காற்று என்ன செய்கிறது என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். காற்றில்லாத நாளில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். எதிரே 15 கிலோமீட்டர் காற்று வந்தால், அதே 30-ஐப் பிடிக்க உடம்பு 45 கிலோமீட்டர் காற்றைப் பிளக்க வேண்டும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். ஒன்றரை மடங்குக் காற்று என்றால் இரண்டேகால் மடங்குத் தடை. "திரும்பி வரும்போது தள்ளிவிடுமே, சரியாப் போச்சு" என்பார்கள். சரியாகாது. 25 கிலோமீட்டரை 20 வேகத்தில் போய் 40 வேகத்தில் திரும்பினால் ஆகும் நேரம் 112 நிமிடம் 30 விநாடி. காற்றே இல்லாமல் 30-ல் போய் வந்திருந்தால் 100 நிமிடம். எதிர்காற்றில் கழிகிற நேரம்தான் அதிகம், எனவே நஷ்டமும் அங்கேதான்.

டைம் ட்ரயலுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. அடுத்தவர் சக்கரத்துக்குப் பின்னால் காற்றுக்கு ஒளிவதற்கு விதி அனுமதிக்காத பந்தயம் அது. சாயல்குடி ரோட்டில் நீங்கள் ஒளிய நினைத்தாலும் ஆள் இல்லை. ஏர்வாடி விலக்கு தாண்டி 20 நிமிடம் ஒரே அழுத்தம், 10 நிமிடம் மெதுவாக, மறுபடியும் 20 நிமிடம். நடுவில் சிக்னல் இல்லை, பஸ் ஸ்டாண்டு நெரிசல் இல்லை, கால் ஓய எந்தச் சாக்கும் இல்லை. முதல் நாள் மீட்டரில் 21 என்று காட்டியதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்தது. பிறகுதான் மீட்டரில் வேகம் காட்டும் பக்கத்தையே மறைத்துவிட்டு நெஞ்சுத்துடிப்பை மட்டும் பார்த்து ஓட்டக் கற்றுக்கொண்டேன். இந்த ரோட்டில் வேகத்தைப் பார்க்கிறவன் வீணாகப் போவான்.

வாடை மாதங்களில் இதே ரோடு ஆளை ஏமாற்றும். போகும்போது காற்று முதுகில். 36, 38 என்று ஓடும், நமக்கு ஏதோ கால் வந்துவிட்டது என்று தோன்றும். அப்படி ஒரு டிசம்பரில் சாயல்குடியும் தாண்டி மூக்கையூர் விலக்கு வரை மிதித்துவிட்டேன். திரும்பியபோது தெரிந்தது கதை. சிக்கலுக்கு வருவதற்குள் தண்ணீர் காலி. டீக்கடையில் உட்கார்ந்தவனை ஒரு பெரியவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, எங்கருந்து வாரீக? பஸ்சு இல்லையா?" என்றார். பதில் சொல்லத் தெம்பில்லை. வாடையில் இந்தப் பக்கம் போனால் போகும் நேரத்தைப் போல ஒன்றரை மடங்கைத் திரும்புவதற்கு ஒதுக்குங்கள்.

இனி கிழக்கே. ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி, மண்டபம் வழியாக ராமேஸ்வரம் 55 கிலோமீட்டர் சுமார். அங்கிருந்து அரிச்சல்முனை 20-க்குக் கொஞ்சம் மேல். கடைசித் துண்டு, முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் உள்ளது, 2017-ல் திறந்த ரோடு. 1964 டிசம்பர் புயலில் பழைய தனுஷ்கோடி போன பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கே மணலில்தான் வண்டி போனது.

இந்த ரோட்டில் கச்சானும் வாடையும் நேராக வருவதே அபூர்வம். முகுந்தராயர் சத்திரத்துக்கு மேல் ரோடு தென்கிழக்காகத் திரும்பிவிடுவதால் எந்தப் பருவத்திலும் காற்று விலாவில்தான் குத்தும். பாம்பன் பாலத்தில் இதன் ருசி முன்னதாகவே கிடைத்துவிடும். 1988-ல் திறந்த சாலைப் பாலம், நீளம் 2.3 கிலோமீட்டருக்கு மேல். பக்கத்திலிருந்த பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்துவார்கள். ஏழெட்டுக் கிலோ சைக்கிள் எம்மாத்திரம்? பெரிய ஆபத்து பஸ்ஸால் வருவது. பஸ் நம்மைக் கடக்கும்போது காற்றை ஒரு கணம் மறைக்கும். காற்றுக்கு எதிராகச் சாய்ந்திருந்த நாம் அந்தப் பக்கமே இழுபடுவோம். பஸ் போனதும் காற்று திரும்ப அறையும். ஆழமான ரிம் போட்ட சக்கரத்தோடு கச்சானில் பாலம் ஏறாதீர்கள். பாலத்தின் இணைப்பு இரும்புகளை நேராகக் கடங்கள், கோணலாக ஏறினால் மெல்லிய டயர் வழுக்கும்.

கூட்டமாக ஓட்டுவதற்கு இந்தப் பக்கக்காற்று ஒரு பள்ளிக்கூடம். நேர்காற்றில் ஒருவர் பின்னால் ஒருவராகப் போனால் போதும். பக்கக்காற்றில் மறைவு நேர்பின்னால் இல்லை, சாய்வாக விழுகிறது. கச்சானில் அரிச்சல்முனைக்குப் போகும்போது காற்று வலப்பக்கம். முன்னால் இழுப்பவர் ரோட்டின் நடுவை ஒட்டி ஓட்ட வேண்டும், மற்றவர்கள் அவருக்கு இடப்புறம் பின்தள்ளி, விசிறி மாதிரி. அரை ரோட்டில் மூன்று நான்கு பேருக்குத்தான் அந்த விசிறியில் இடம். ஐந்தாவது ஆள் ஓரத்து மணலில் மறைவில்லாமல் தவிப்பார். அவர் பிய்ந்து போவதற்குள் இரண்டாவது விசிறி போட்டுக்கொள்வதே புத்தி. திரும்பும்போது காற்று இடப்பக்கம் வந்துவிடும். அப்போது விசிறி எதிர்வண்டி வரும் நடுரோட்டைப் பார்த்து விரியும். இரண்டு பேருக்கு மேல் வேண்டாம், மற்றவர்கள் ஒரே வரிசையில் கஷ்டப்படட்டும்.

நான் விழுந்தது இப்படி ஒரு திரும்புதலில்தான். முன்னால் இருந்தவரின் பின்சக்கரத்தோடு என் முன்சக்கரம் ஒரு சாண் ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. ரோட்டில் மணல் திட்டைப் பார்த்து அவர் அரையடி விலகினார், சொல்லவில்லை. நான் மணலில் மல்லாந்தேன். அவர் மேல் தப்பு பாதி, சக்கரத்தைப் பக்கவாட்டில் நுழைத்து வைத்திருந்த என் மேல் தப்பு மீதி. முன்னால் இருப்பவரே கூட்டத்துக்குக் கண். "குழி", "மணல்", "வண்டி", "மெதுவா" என்று நான்கே சொல், கூடவே கை. இதைச் சொல்லாமல் விடுகிறவர் எவ்வளவு வேகமாக இழுத்தாலும் அவர் பின்னால் போக எனக்கு மனம் வராது. பக்கத்தில் ஓட்டுபவரைவிட எப்போதும் அரைச்சக்கரம் முன்னால் நீட்டிக்கொண்டே போகிறவர் இன்னொரு ரகம். பேச்சுத்துணைக்கு வந்தவரைப் பந்தயத்துக்கு இழுக்கிற வேலை அது. முன்னால் இழுக்கும் முறை வரும்போது ஷூ லேசைச் சரிசெய்கிறவர்களைப் பற்றி எழுதவே வேண்டாம். ஓசிக்காற்றில் 60 கிலோமீட்டர் வந்துவிட்டு அரிச்சல்முனைத் தூணுக்கு 500 மீட்டரில் முந்தி ஓடிக் கையைத் தூக்குவார்கள்.

தனுஷ்கோடி ரோட்டுக்கு ஒரு பெரிய குறை, வண்டிகள். இரவெல்லாம் ஓட்டி வந்த டிரைவர்கள் விடியற்காலையில் ராமேஸ்வரம் நெருங்கும்போது கண் சொருகி இருப்பார்கள். நாம் ஓட்டுவதும் அதே நேரம். பாலத்தில் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுக்கும் குடும்பம் கதவைத் திறக்கும்போது பின்னால் பார்ப்பதில்லை. கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டவர்களின் வேன்கள் சேர்ந்துகொள்ளும். ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

சாயல்குடி ரோட்டின் குறை, முள். கரிமூட்டத்துக்கு விறகு ஏற்றிப் போகும் டிராக்டர்கள் ஓரத்தில் சீமைக்கருவேல முள்ளை உதிர்த்துக்கொண்டே போகும். அந்த முள் ஒரு விரல்கடை நீளம், டயர், டியூப் இரண்டையும் தாண்டி ரிம் டேப் வரை போகும். ஒரே காலையில் மூன்று பஞ்சர் பார்த்த பிறகு 25 மில்லிமீட்டர் அகல டயரைக் கழற்றிவிட்டு 28 போட்டேன், பசை ஊற்றிய டியூப்லெஸ். டியூப்லெஸ்ஸில் முள் குத்தினால் உடனே பிடுங்க வேண்டாம், அதுவே அடைப்பாக இருக்கும், வீட்டுக்கு வந்து பிடுங்குங்கள். டியூப் போட்டவர்கள் புது டியூப் மாற்றுமுன் டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தாக வேண்டும். முறிந்த நுனி உள்ளே இருந்தால் புது டியூபும் பத்து நிமிடத்தில் போகும். கையால் அடிக்கும் பம்பு கட்டாயம். காற்றடிக்கும் காஸ் குப்பி ஒன்று ஒரு பஞ்சருக்குத்தான் வரும்.

தனுஷ்கோடியில் முள் கிடையாது, உப்பும் மணலும் உண்டு. எண்ணெய்ப் பசையுள்ள செயினில் மணல் ஒட்டினால் அது உப்புத்தாள் மாதிரி பல்லைத் தேய்க்கும். மெழுகு போட்டால் ஒட்டுவது குறையும். வீட்டுக்கு வந்தவுடன் இரண்டு குடம் நல்ல தண்ணீர், துடைத்து, செயினுக்கு மறுபடி மெழுகு. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றால் போல்ட் தலையெல்லாம் செம்பழுப்பாகிவிடும்.

சாப்பாட்டில் மேற்குதான் மேல். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். அதற்கு விலை உயர்ந்த ஜெல்தான் வேண்டும் என்றில்லை. கீழக்கரைத் தொதல் அல்வா ஒரு துண்டு, இரண்டு வாழைப்பழம், உப்பும் கருப்பட்டியும் கரைத்த தண்ணீர் இரண்டு பாட்டில் என்று என் பை நிறைந்துவிடும். பந்தயத்தன்று மட்டும் புதிதாக எதையும் வாயில் வைக்கக் கூடாது. சாயல்குடி பக்கம் சீசனில் நுங்கும் பதநீரும் கிடைக்கும். பதநீரை ஓட்டி முடித்த பிறகு குடியுங்கள், ஓட்டும்போது வயிறு என்ன சொல்லும் என்பதற்கு நான் பொறுப்பில்லை. ராமேஸ்வரம் பக்கம் டிபனுக்குப் பஞ்சமில்லை, ஆனால் கூட்டத்தில் காத்திருக்கும்போதே கால் விறைத்துவிடும்.

மேற்கே போகிறவருக்கு வேறொரு மரியாதையும் தெரிந்திருக்க வேண்டும். மாசி, பங்குனியில் ரோட்டோரம் சிவப்பாக விரித்திருக்கும். முண்டு மிளகாய். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, அதைக் காய வைத்திருப்பவருக்கு ஒரு வருடப் பாடு. நடுரோட்டில் லாரி வருகிறது என்று அதன் மேல் சக்கரத்தை ஏற்றிய ஒருவரை அந்த அம்மா திட்டிய திட்டு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நியாயமான திட்டு. நின்று, இறங்கி, வண்டியைத் தூக்கிக் கடந்தால் அரை நிமிடம். ஆட்டுக்கிடை குறுக்கே வந்தாலும் அப்படித்தான். மணியடித்து மிரட்டினால் ஆடு எந்தப் பக்கம் ஓடும் என்று ஆட்டுக்கே தெரியாது. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை விடும் நேரத்தில் கீழக்கரைக்குள் சீறிப் போகாதீர்கள். டைட்ஸ் போட்டுக்கொண்டு ஊருக்குள் உலாத்துவதைவிட மேலே ஒரு அரைக்கால் டவுசர் போட்டால் டீக்கடையில் பேச்சு சுலபமாக இருக்கும்.

வடக்கே தேவிபட்டினம், தொண்டி ரோடும் இருக்கிறது. எனக்கு அதில் பெரிய அபிப்பிராயம் இல்லை. வாடையில் போகும்போதே எதிர்காற்று, வரும்போது தள்ளிவிடும் என்பதால் அந்த மாதங்களில் சாயல்குடிக்கு நல்ல மாற்று. குறித்த நேரத்துக்குள் நெடுந்தூரம் ஓட்டி முடிக்கும் ப்ரெவே ஓட்டுகிறவர்களுக்குத் தனுஷ்கோடி போய்வந்து, மீதிக்குத் தேவிபட்டினத்தைத் தாண்டிப் போய்வந்தால் 200 கிலோமீட்டர் சேர்ந்துவிடும். அதற்கு 13 மணி 30 நிமிடம் அவகாசம், பந்தயமும் இல்லை. முள், மணல், வண்டி மூன்றுக்கும் சேர்த்துத் தயாராகிப் போக வேண்டும், அவ்வளவுதான்.

என் கணக்கு இப்படி. தனியாள் பந்தயம் என்றால் எட்டு வாரத்தில் ஆறு ஞாயிறு மேற்கு. கூட்டமாகக் கிளம்பும் பந்தயம் என்றால் பாதிக்குப் பாதி. ஏனென்றால் அங்கே கால் எவ்வளவு முக்கியமோ, பக்கத்து ஆளின் தோளை உரசாமல் காற்றில் இடம் பிடிக்கத் தெரிவதும் அவ்வளவு முக்கியம். போட்டோ மட்டும் வேண்டுமென்றால் ராமேஸ்வரத்தில் காரை நிறுத்திவிட்டு அங்கிருந்து ஓட்டுங்கள்.

வருகிற ஞாயிறு அமாவாசை. காற்றும் இன்னும் கச்சான்தான். நாலரைக்கு ராமநாதபுரம் கேணிக்கரையில் நிற்பேன், முன்விளக்கும் பின்விளக்கும் இல்லாதவர்கள் வர வேண்டாம்.