சிகிச்சை முடிந்த பிறகு யார் பார்த்துக்கொள்வது? மார்பகப் புற்றுநோய்த் தொடர் கவனிப்பில் நான்கு வழிகள்

அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, "இனி சில மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும்" என்று மருத்துவர் சொல்லும் நாளில் பல பெண்களுக்கு நிம்மதியைவிடப் பயம்தான் அதிகம் வருகிறது. அதுவரை வாராவாரம் யாராவது ரத்தம் எடுத்தார்கள், கேள்வி கேட்டார்கள். இப்போது ஒரு மாத்திரைச் சீட்டோடு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு இந்த உடம்பை யார் கவனிப்பது?

இதற்கு நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. சிகிச்சை தந்த புற்றுநோய் மருத்துவரே தொடர்ந்து பார்ப்பது, குடும்ப மருத்துவரிடம் ஒப்படைப்பது, பயிற்சி பெற்ற செவிலியர் தொலைபேசி வழியாகக் கவனிப்பது, தேவைப்படும்போது நோயாளியே அழைப்பது. ஒப்பிடும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தொடர் கவனிப்பு என்றாலே நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் என்று நினைக்கிறோம். அது வேலையில் ஒரு பங்குதான். தினசரி மாத்திரையை விடாமல் போட வைப்பது, சிகிச்சை விட்டுச்சென்ற பின்விளைவுகளைப் பார்ப்பது, மனதைப் பார்ப்பது ஆகிய மூன்றும் அதே அளவு முக்கியம். இந்த நான்கு வேலைகளையும் யார் ஒழுங்காகச் செய்கிறார் என்பதை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

பெரும்பாலானவர்களின் முதல் தேர்வு புற்றுநோய் மருத்துவர். காரணம் புரிகிறது. உயிரைக் காப்பாற்றியவர், கோப்பு முழுவதும் அவரிடம் இருக்கிறது, பெரிய மருத்துவமனையில் எல்லா ஸ்கேனும் எடுப்பார்கள். ஆனால் இந்தக் கடைசிக் காரணத்துக்கு வலு இல்லை. 1994-இல் இத்தாலியிலிருந்து இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. ஒவ்வொன்றிலும் 1,200 பேருக்கு மேல் இருந்தார்கள். குறிப்பிட்ட இடைவெளியில் எலும்பு ஸ்கேன், மார்பு எக்ஸ்ரே என்று எடுத்துக்கொண்டே இருந்தவர்களும், உடல் பரிசோதனையும் மேமோகிராமும் மட்டும் செய்துகொண்டவர்களும் ஒரே அளவுதான் பிழைத்திருந்தார்கள். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு வழக்கமாக ஸ்கேனும் டியூமர் மார்க்கரும் (புற்றுநோயின் தடயத்தைத் தேடும் ரத்தப் பரிசோதனை) வேண்டாம் என்றுதான் வழிகாட்டிகள் இன்றும் சொல்கின்றன. அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கத்தின் வழிகாட்டியில் இருப்பது எளிமையானது: முதல் 3 ஆண்டுகள் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த 2 ஆண்டுகள் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை நேரில் பரிசோதனை. கூடவே ஆண்டுதோறும் மேமோகிராம். இதைச் செய்யப் பெரிய மருத்துவமனைதான் வேண்டும் என்பதில்லை.

புற்றுநோய் மருத்துவரிடம் இருக்கும் உண்மையான பலம் வேறு. ஹார்மோன் மாத்திரையை (ஹார்மோனால் புற்றுநோய் மீண்டும் வளராமல் தடுக்கத் தினமும் போடுவது) 5 ஆண்டோடு நிறுத்துவதா, 10 ஆண்டு வரை நீட்டுவதா என்பது போன்ற முடிவுகளை அவர்தான் எடுக்க முடியும். டிராஸ்டுசுமாப் என்ற புற்றுநோய் ஊசி போய்க்கொண்டிருக்கிறது, இதயத்துக்கு எக்கோ எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றால் அவரை விட்டு நகரக் கூடாது. பலவீனம் நேரம். நெரிசலான புறநோயாளர் பிரிவில் நடப்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். லெட்ரோசோல் என்ற ஹார்மோன் மாத்திரை போடும் ஒரு பெண், காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியவில்லை, முட்டி பிடித்துக்கொள்கிறது என்கிறார். மருத்துவர் உடனே கேட்பது, வலி ஒரே இடத்திலா, இரவில் எழுப்புகிறதா என்றுதான். எலும்புக்குப் பரவியிருக்குமோ என்ற கவலை அவருக்கு. அது இல்லை என்று தெரிந்ததும் இருவரும் பெருமூச்சு விடுகிறார்கள், அடுத்தவர் உள்ளே வருகிறார். அந்த வலி தாங்காமல் இரண்டு மாதமாக மாத்திரையை நிறுத்திவிட்டதை அந்தப் பெண் சொல்லவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. இதற்காக அந்த மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்த அறை அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் நஷ்டம் பெரியது. அமெரிக்காவில் 8,700-க்கும் அதிகமான பெண்களைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், ஹார்மோன் மாத்திரையை முழுக் காலமும் ஒழுங்காகப் போட்டவர்கள் ஏறத்தாழ பாதிப்பேர்தான்.

அடுத்து குடும்ப மருத்துவர். "அவருக்கு இதெல்லாம் தெரியுமா?" என்ற சந்தேகம்தான் முதலில் வரும். இதையே நேரடியாகச் சோதித்திருக்கிறார்கள். கனடாவில் 968 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் குடும்ப மருத்துவரும் மறு பாதியைப் புற்றுநோய் மையமும் தொடர்ந்து பார்த்தார்கள். 2006-இல் முடிவு வந்தது. நோய் திரும்பியதால் வந்த கடுமையான பாதிப்புகள் குடும்ப மருத்துவர் தரப்பில் 3.5 சதவீதம், மையத்தில் 3.7 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். அதற்கு முன்பே, 1996-இல் இங்கிலாந்தில் 296 பெண்களை வைத்து நடந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. நோய் திரும்பிய 26 பேரில் 18 பேர், குறித்த செக்கப் தேதி வரும் முன்னரே தாங்களே மாற்றத்தைக் கவனித்து வந்தவர்கள்.  மருத்துவமனை செக்கப் தொடர்ந்துகொண்டிருந்து நோய் திரும்பியவர்களிலும் கிட்டத்தட்ட பாதிப்பேர் முதலில் போனது குடும்ப மருத்துவரிடம்தான். ஆக, நோய் திரும்புவதைப் பெரும்பாலும் கண்டுபிடிப்பது அந்தப் பெண்தான். அவர் எளிதாகப் போய்ச் சேரக்கூடிய ஆள் யார் என்பதுதான் கேள்வி.

குடும்ப மருத்துவருக்கு இன்னொரு பலம், உடம்பு முழுவதையும் பார்ப்பது. லெட்ரோசோல், அதே வகையான அனஸ்ட்ரோசோல் எலும்பை அரிக்கும். கீமோ மருந்தான டாக்சோரூபிசின் இதயத்தைப் பாதிக்கலாம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இந்தப் பெண்களுக்கும் வரத்தான் செய்யும். ஆனால் இவரிடம் நழுவக்கூடிய இடங்களும் உண்டு, அவை சின்ன விஷயம் அல்ல. டமாக்சிஃபென் என்ற இன்னொரு ஹார்மோன் மாத்திரை போடுபவருக்கு மனச்சோர்வு, திடீரென்று உடம்பு சுட்டு வியர்த்துக் கொட்டுகிறது என்று பராக்ஸெடினோ ஃபுளுவாக்ஸெடினோ எழுதிக்கொடுத்தால், டமாக்சிஃபென் உடலில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதை அவை தடுக்கும். வென்லாஃபாக்சின் போல அந்தத் தொல்லை குறைந்த மருந்து இருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு டமாக்சிஃபென் போடும்போது ரத்தப்போக்கு வந்தால் கர்ப்பப்பையை உடனே பரிசோதிக்க வேண்டும். கால் ஆடுசதை வீங்கி வலித்தால் ரத்தக்கட்டா என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் எழுத்தில் அவர் கைக்கு வந்திருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது மூன்றாவது வழி, செவிலியர். இங்கிலாந்தில் 374 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2009-இல் வெளியானது. மருத்துவமனைக்கு வராமல் சிறப்புச் செவிலியரோடு தொலைபேசியில் பேசியவர்களுக்குப் பதற்றம் கூடவில்லை, நோய் திரும்பியதைக் கண்டுபிடிப்பதும் தாமதமாகவில்லை. நெதர்லாந்தில் 320 பேரிடம் நடந்த ஆய்வும் தொலைபேசிக் கவனிப்பால் வாழ்க்கைத் தரம் குறையவில்லை என்றது. காரணம் கேள்விகளில் இருக்கிறது. நல்ல செவிலியர் "மாத்திரை போடுகிறீர்களா?" என்று கேட்பதில்லை. அதற்கு எல்லோரும் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். "போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேட்பார். தூக்கம், உறவின்போது வலி, மோதிரமோ வளையலோ இறுகுகிறதா என்று ஒவ்வொன்றாக வருவார். அந்த வளையல் கேள்வி முக்கியமானது. அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளை (நெறி) முழுமையாக எடுத்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குக் கை வீக்கம் வருகிறது. முதல் நெறியை மட்டும் எடுத்துப் பார்த்தவர்களில் இருபதில் ஒருவருக்கு. ஆரம்பத்திலேயே பிடித்தால் அழுத்த உறையும் பயிற்சியும் கொண்டு கட்டுக்குள் வைக்கலாம். விட்டால் கை கனத்து, அடிக்கடி தொற்று வரும். தொலைபேசியில் கையை அளக்க முடியாது என்பது இந்த வழியின் குறை. ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் வர வைத்து, இரு கையிலும் ஒரே இடங்களில் டேப்பால் அளந்து எழுதி வைக்க வேண்டும்.

நான்காவது, தேவைப்பட்டால் நீங்களே அழையுங்கள் என்பது. மேமோகிராம் தேதி மட்டும் தானாக வரும். விவரம் தெரிந்து, தயங்காமல் பேசுபவர்களுக்கு இது போதும். "இதுக்கெல்லாம் போய்த் தொந்தரவு பண்ணணுமா" என்று பொறுத்துக்கொள்ளும் பெண்களுக்கு இது சரிவராது. அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

சரி, எதைத் தேர்வது? முதல் இரண்டு மூன்று ஆண்டு புற்றுநோய் மருத்துவரும் செவிலியரும், பிறகு குடும்ப மருத்துவரும் அதே செவிலியரும் என்பதே என் தேர்வு. ஐந்து ஆண்டு முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று விடுவதை மட்டும் ஏற்க மாட்டேன். ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் 5-ஆம் ஆண்டிலிருந்து 20-ஆம் ஆண்டு வரைக்கும் சீராகத் திரும்பிக்கொண்டே இருக்கிறது என்பதை 62,000-க்கும் மேற்பட்ட பெண்களின் தரவு 2017-இல் காட்டியது. இருபது ஆண்டு கூடவே வரக்கூடியவர் குடும்ப மருத்துவர்தான். மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ என்ற பரம்பரை மரபணு மாற்றம் உள்ளவர்கள், நோய் ஏற்கெனவே பரவியவர்கள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். அவர்களுக்குப் புற்றுநோய் மையம்தான்.

கைமாற்றும்போது ஒரு தாள் தருவார்கள். எந்த நிலையில் இருந்த கட்டி, என்ன மருந்து எவ்வளவு, மாத்திரை எந்த ஆண்டு வரை, எலும்பு அடர்த்திப் பரிசோதனை எப்போது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். தாள் மட்டும் போதாது. கனடாவில் 408 பெண்களிடம் செய்த ஆய்வில், அப்படி ஒரு திட்டத் தாள் கொடுத்ததால் மட்டும் மன உளைச்சல் குறைந்துவிடவில்லை. அதனால் தாளை வாங்கும்போதே இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்: புதிதாகக் கட்டி தட்டுப்பட்டால் எந்த எண்ணை அழைப்பது, அழைத்தால் எத்தனை நாளில் பார்ப்பார்கள்? இந்த இரண்டுக்கும் நேரான பதில் தரும் இடத்தையே தேர்ந்தெடுங்கள்.